ஜன்னலோரச் செம்பருத்திக்கு என்ன ஆச்சு?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டுக் கிணற்றடியில் ஒரு செம்பருத்தி நின்றது. அதற்கென்று யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. துணி அலசிய தண்ணீர் ஓடுகிற வழியில் வேர் விட்டிருந்தது, அவ்வளவுதான். காலையில் சாமி படத்துக்குப் பத்துப் பூ பறித்தாலும் மரத்தில் இன்னும் பத்து சிரிக்கும். அதன் குச்சியைத்தான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் நாங்கள் குடிவந்த இரண்டாம் மாடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பால்கனி கிடையாது. மொட்டை மாடிச் சாவி வீட்டு உரிமையாளரிடம். ஆக, செம்பருத்தி வீட்டுக்குள் ஜன்னலோரம்தான் வாழ வேண்டும்.

முதல் குச்சி தண்ணீர் அதிகமாகிச் செத்தது. இரண்டாவதை உப்பு கொன்றது. மூன்றாவது இன்று வயதுக்கு வந்த பெண் மாதிரி நிற்கிறது. இந்த மூன்று செடிகளும், செடி வாடியதும் போன் செய்கிற சொந்தக்காரர்களும் கற்றுக்கொடுத்ததை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் செடிக்கு என்னவோ அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். ஆனால் அடுத்து வரும் வெயில் கணக்கை எல்லோரும் படித்துவிடுங்கள். வீட்டுக்குள் வளரும் செம்பருத்தியின் பாதி நோய்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

வெயில் கணக்கு

செம்பருத்தி பூக்க ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். நான்கு மணி நேரம் கிடைத்தால் எண்ணிப் பூக்கும். அதற்கும் கீழே போனால் இலை மட்டும்தான். "ஹாலில் நல்ல வெளிச்சம் இருக்கே" என்பார்கள். நம் கண் இருட்டுக்குச் சட்டென்று பழகிவிடும், அதை நம்பக் கூடாது. காலை பத்து மணிக்குத் தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்களின் நிழல் கத்தரித்தது போல் விழுந்தால் பூக்கும் இடம். நிழல் கலங்கலாக விழுந்தால் இலைக்கான இடம். நிழலே இல்லை என்றால் அங்கே செம்பருத்தி மெல்ல மெல்லச் சாகும்.

அடுத்தது எந்தத் திசை ஜன்னல் என்பது. புதுச்சேரியும் கடலூரும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 12 பாகை வடக்கே இருக்கின்றன. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் கழித்துத்தான் திரும்பித் தெற்கே வரும். இந்த நான்கு மாதமும் தெற்குப் பார்த்த ஜன்னலில் ஒரு துளி நேர் வெயில்கூட விழாது. ஊரே கத்திரி வெயிலில் வெந்துகொண்டிருக்கும், தெற்கு ஜன்னல் செம்பருத்தி நிழலில் நிற்கும். "மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூத்தது, வைகாசியில் மொட்டே இல்லை, உரம் போடவா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுதான். தெற்கு என்றால் சித்திரை பிறந்ததும் தொட்டியைக் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றிவிடுங்கள், புரட்டாசியில் திரும்பக் கொண்டுவரலாம். வருடம் முழுக்க ஒரே இடம் என்றால் கிழக்குதான் சிறந்தது. மேற்கு ஜன்னலிலும் நன்றாகப் பூக்கும். ஆனால் மே மாதத்தில் தொட்டியே கொதிக்கும், தண்ணீரில் கவனம் தேவை.

இன்னும் மூன்று திருடர்கள் இருக்கிறார்கள். ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேட், கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு பிலிம், கொசுவலை. வருடக்கணக்கில் தூசி படிந்த கொசுவலையைக் கழற்றி, அலசி மாட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்த பிறகுதான் அந்த ஜன்னலில் மொட்டு தங்க ஆரம்பித்தது.

வெயில் குறைந்தால் தண்ணீரும் குறைய வேண்டும். செடி குடிப்பது வெளிச்சத்தைப் பொறுத்தது. வெளிச்சம் பாதியான பிறகும் தினமும் அதே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். தண்ணீர் தேவையா என்று பார்க்க, துடைப்பத்திலிருந்து தடித்த ஈர்க்குச்சி ஒன்றை உருவி நான்கு விரல் ஆழத்துக்கு மண்ணில் குத்தி ஐந்து நிமிடம் விடுங்கள். ஈரமாகவோ மண் ஒட்டியோ வந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

வீட்டுக்குள் கொண்டுவந்ததும் இலை கொட்டுகிறது

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மாடியில் செடி வைத்திருந்தவர்கள் தொட்டிகளைத் தூக்கி ஹாலில் வைத்தார்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்து எனக்கு வந்த போன்கள் எல்லாம் ஒரே மாதிரி: "இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறது."

இது நோய் இல்லை. நல்ல வெயிலில் உருவான இலைகளை நிழலில் வைத்துக் காப்பாற்றச் செடியால் முடியாது, அதனால் உதிர்த்துவிடுகிறது. இருக்கிற ஜன்னல்களில் அதிக வெளிச்சம் உள்ள இடத்தில் வைத்து, தண்ணீரைப் பாதியாகக் குறைத்துக் காத்திருங்கள். அந்த இடத்துக்கு ஏற்ற புதுத் தளிர் மூன்று நான்கு வாரத்தில் வரும். இந்த நேரத்தில் உரம் போடவே கூடாது. திரும்ப வெளியே வைக்கும்போதும் ஒரே நாளில் உச்சி வெயிலில் நிறுத்தாதீர்கள். நிழலில் வளர்ந்த இலை கருகி, காகிதம் போல வெளுத்துவிடும். முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு மணி நேரம் என்று பத்து நாளில் பழக்குங்கள்.

மொட்டு வருகிறது, மலராமல் விழுகிறது

மனசை வாட்டும் அறிகுறி இதுதான். காலையில் மலரும் என்று ராத்திரி பார்த்து வைத்த மொட்டு, விடிந்தால் தட்டில் கிடக்கும்.

விழுந்த மொட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் சாட்சி. பிளேடால் நீளவாக்கில் பிளந்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

உள்ளே கடுகில் பாதி அளவுக்கு வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. மல்லிகைத் தோட்டக்காரர்களுக்குப் பழக்கமான எதிரி இது. ஈ மொட்டில் முட்டையிடும், புழு உள்ளேயே தின்று வளர்ந்து, மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழு ஆகும். அந்தச் சுற்றை அறுப்பதுதான் மருந்து. மஞ்சளாகத் தெரிகிற மொட்டுகளையும் விழுந்தவற்றையும் தினமும் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக முடிச்சுப் போட்டுக் குப்பையில் சேருங்கள். செடியில் மிச்சமிருக்கும் சின்ன மொட்டுகளையும் ஒருமுறை மொத்தமாகக் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் இரண்டு மூன்று வாரம் மொட்டே இல்லாமல் இருந்தால் ஈக்கு முட்டையிட இடம் இருக்காது. தொட்டியின் மேல் மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்கு எடுத்துவிட்டுப் புது மண்ணில் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குக் கலந்து போடுங்கள். வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு இந்த ஒன்றில் அதிர்ஷ்டம் உண்டு. இருப்பது ஒரே தொட்டி, எதிரியை முழுசாகத் துரத்திவிட முடியும்.

புழு இல்லை, ஆனால் இதழ் ஓரம் பழுப்பாகிச் சுருண்டிருக்கிறது என்றால் மலர்ந்த பூ ஒன்றை வெள்ளைத் தாள் மேல் தட்டிப் பாருங்கள். எழுத்தின் கோடு போல மெல்லிய பூச்சி ஓடினால் இலைப்பேன். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்க வேண்டும், அதன் அளவு கீழே 'வெள்ளைப் பஞ்சு' பகுதியில் இருக்கிறது.

உள்ளே ஒன்றுமே இல்லை, மொட்டு சுத்தமாக இருக்கிறது என்றால் காரணம் வெளியே. நான்கு நாள் ஊருக்குப் போய் மண் காய்ந்து, வந்ததும் வாளி வாளியாக ஊற்றினீர்களா? மொட்டு விட்ட பிறகு தொட்டியை இடம் மாற்றினீர்களா? ஏசி காற்று நேராக அடிக்கிறதா? மூன்றுமே மொட்டை உதிர்க்கும். இவை எதுவும் இல்லாவிட்டால் வெயில் போதவில்லை.

அப்புறம் ஒன்று. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும் கலப்பினச் செடிகளை நர்சரியில் பார்த்து மயங்கி வாங்குகிறோம். அவை குளிர்ந்த ஊரில் பூத்து இங்கே வந்தவை. அக்னி நட்சத்திரத்தில் மொட்டு உதிர்ப்பது அவற்றின் சுபாவம், ஆடி கழிந்தால் சரியாகும். ஜன்னலோரத்துக்கு ஒரே செடிதான் என்றால் ஐந்து இதழ் நாட்டுச் சிவப்பை வையுங்கள். அடுக்குச் செம்பருத்திகூட இரண்டாம் பட்சம்தான்.

இலை மஞ்சள்

"இலை மஞ்சளாகிறது" என்று மட்டும் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த இலை, எப்படி மஞ்சள் என்று பார்க்க வேண்டும்.

கீழே கிழட்டு இலை ஒன்றிரண்டு மஞ்சளாவது வயது. விடுங்கள்.

கீழ் இலைகள் வரிசையாக மஞ்சளாகின்றன, மண் சதசதவென்று இருக்கிறது, தொட்டியில் பூஞ்சை வாடை அடிக்கிறது என்றால் தண்ணீர் அதிகம். தட்டில் நிற்கும் தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் தட்டில்தான் டெங்கு கொசு முட்டையிடும், அதற்காகவும் கொட்ட வேண்டும். மண் காயும் வரை ஊற்றாதீர்கள். அப்படியும் தேறாவிட்டால் செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். வெள்ளை அல்லது வெளிர் பழுப்பு வேர் நல்லது. கறுத்து, இழுத்தால் தோல் கழன்று வரும் வேரை வெட்டி எறிந்துவிட்டு, செம்மண், ஆற்று மணல், மண்புழு உரம் சம அளவில் கலந்து மண்தொட்டியில் மாற்றுங்கள்.

மேலே புதுத் தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது என்றால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும். நம் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கி, வேர் அதை எடுக்க விடாமல் செய்கிறது. செம்பருத்திக்குச் சற்றே அமிலத் தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். நாட்டு மருந்துக் கடையிலும் உரக் கடையிலும் கிடைக்கும் அன்னபேதி (இரும்பு சல்பேட்) உப்பை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். மல்லிகைக்கும் இதே அளவுதான். மாதம் ஒருமுறை, தளிர் பச்சையாகும் வரை. குளியலறையில் வைத்துத் தெளியுங்கள், டைல்ஸில் பட்டால் துருக்கறை போகவே போகாது. இந்த மஞ்சள் வருகிற வீட்டில் முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் இரண்டையும் தொட்டியில் போடாதீர்கள். அவை மண்ணை இன்னும் காரமாக்கும்.

பழைய இலையில் நரம்புக்கு நடுவே மட்டும் மஞ்சள் என்றால் மெக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றினால் போதும்.

இலை ஓரம் பழுப்பாகிக் கருகுகிறது

என் இரண்டாவது செடி இப்படித்தான் போனது. தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தினமும் ஊற்றினேன். அது என்ன தண்ணீர் என்று யோசிக்கவில்லை. மெஷின் நமக்கு நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, எல்லா உப்பையும் மிச்சத் தண்ணீரில் அனுப்புகிறது. ஏற்கெனவே கடலோரத்தில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, இது அதைவிட அடர்த்தி. மூன்று மாதத்தில் இலை நுனி, அப்புறம் ஓரம், அப்புறம் முழு இலை. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது. அதைப் பார்த்தும் சுண்ணாம்பு என்று விட்டுவிட்டேன்.

உங்கள் தொட்டி விளிம்பிலும் அந்த வெள்ளைப் பொருக்கு இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, மண்ணைக் கழுவ வேண்டும். தொட்டி எவ்வளவு தண்ணீர் கொள்ளுமோ அதைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுக்க வடிய விடுங்கள். மழைத் தண்ணீர் என்றால் அதைவிட நல்லது இல்லை. வடகிழக்குப் பருவமழை நம்மூருக்குத் தருகிற பெரிய வரம் இது. ஐப்பசியில் நாலு நல்ல மழையில் தொட்டியை நனைய விட்டால், வருடம் முழுக்கச் சேர்ந்த உப்பு இறங்கிவிடும். மற்ற மாதங்களில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துச் சாதாரணத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருபவரிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். உங்கள் குழாய்த் தண்ணீரையும் கழிவுத் தண்ணீரையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். என் கணக்கில் 500க்குள் இருந்தால் செம்பருத்திக்குக் கவலையில்லை, 1000ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் வீடு துடைக்க மட்டும்.

உரமும் உப்புதான் என்பதை மறக்க வேண்டாம். சாம்பல் சத்துக்கு (பொட்டாசியம்) மியூரியேட் பொட்டாஷ் வாங்காமல் சல்பேட் பொட்டாஷ் வாங்குங்கள், முன்னதில் குளோரைடு அதிகம்.

தண்ணீர் ஊற்றியும் துவள்கிறது

புதிதாக வாங்கிய செடியாக இருந்தால் மண் உருண்டையைச் சந்தேகப்படுங்கள். வெளியூரிலிருந்து லாரியில் வரும் செடிகள் பெரும்பாலும் களிமண் உருண்டையில் வரும், வழியில் உடையாமல் இருக்க. அதை அப்படியே நம் தொட்டியின் பொலபொலப்பான மண்ணில் வைத்தால், ஊற்றும் தண்ணீர் சுற்றிலும் வழிந்து இறங்கிவிடும். உள்ளே உருண்டை செங்கல்லாகக் காய்ந்து கிடக்கும். செடியை எடுத்து, உருண்டையை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளிக் களிமண்ணை விரலால் பாதியளவு கரைத்துவிட்டு நடுங்கள். முழு வேரையும் உரிக்காதீர்கள்.

பழைய செடி என்றால் அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். பார்த்தால் தொட்டி சிறிசாகிவிட்டது, இரண்டு அங்குலம் பெரிய தொட்டி போதும். மண் ஈரமாக இருந்தும் துவண்டால் வேர் அழுகல், மேலே 'இலை மஞ்சள்' பகுதியில் சொன்னபடி செய்யுங்கள்.

வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, எறும்பு

மாவுப்பூச்சி. வீட்டுக்குள் வளரும் செம்பருத்தியின் முதல் எதிரி. தோட்டத்தில் மழை அதை அடித்துக்கொண்டு போகும், பொறிவண்டு தின்னும். வீட்டுக்குள் இரண்டும் இல்லை. செடியில் எறும்பு ஏறுகிறதென்றால் பஞ்சு தெரியாவிட்டாலும் கணுக்களிலும் மொட்டின் காம்படியிலும் தேடுங்கள். அது விடும் தேன் போன்ற கழிவுக்காகவே எறும்பு வருகிறது, காவலும் காக்கிறது. அந்தக் கழிவின் மேல்தான் இலையில் கரி பூசினாற்போல் பூசணமும் படரும்.

செடியைக் குளியலறைக்குத் தூக்குங்கள். தொட்டி மண்ணைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, கைக்குழாயால் இலையின் அடிப்பக்கம் நன்றாக அடித்துக் கழுவுங்கள். மிச்சத்தை ஸ்பிரிட்டில் நனைத்த காதுப் பஞ்சால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் துடையுங்கள். மொய்த்துப் போன நுனிகளை வெட்டிவிடுங்கள். அன்று சாயங்காலம், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை வெந்துவிடும். ஏழு நாளைக்கு ஒருமுறை, நான்கு தடவை. முட்டைப் பைக்குள் மருந்து போகாது, பொரித்து வருபவற்றை அடுத்த வாரம் பிடிக்கத்தான் இந்தக் கணக்கு. இரண்டாவது தடவையிலேயே சுத்தமாகத் தெரியும், எல்லோரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

தளிரில் மொய்க்கும் அசுவினிப் பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் இதே வைத்தியம்தான். வெள்ளை ஈக்குக் கூடவே மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று தொங்கவிடலாம்.

ஏசி அறையில் இலை மேல் ஊசி குத்தினாற்போல் வெளிர் புள்ளிகள், கணுவில் மெல்லிய நூலாம்படை என்றால் செஞ்சிலந்தி. வறண்ட காற்று அதற்குக் கொண்டாட்டம். மூன்று நாளைக்கு ஒருமுறை இலையின் அடியைத் தண்ணீரால் அடித்துக் கழுவினாலே அடங்கும், ஆனால் செடியை ஏசி அறையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

இலை செழிப்பு, பூ இல்லை

வெயில் கணக்கைச் சரிபார்த்துவிட்டீர்கள், எல்லாம் சரி என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். கடலைப் புண்ணாக்குக் கரைசலை நிறுத்துங்கள். வீட்டுக்குள் அதுவும் மீன் அமிலமும் நாற்றத்துக்காகவே வேண்டாம். பூக்க எலும்புத்தூள் போடச் சொல்வார்கள், செம்பருத்திக்கு அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அவ்வளவு தேவையில்லை. அது கேட்பது சாம்பல் சத்து.

கவாத்தும் செய்யுங்கள். செம்பருத்தி புதுக் கிளையில்தான் பூக்கும். மழை முடிந்து தை, மாசியில் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டுங்கள். பூவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், அந்தப் பொறுமை வேண்டும். கணு இடைவெளி நீண்டு, வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்ந்து வளர்ந்த கிளைகளுக்கும் இதே வெட்டுதான். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்புங்கள், மொட்டு இருக்கும்போது மட்டும் திருப்பாதீர்கள். எல்.இ.டி. டியூப் ஒரு அடி தூரத்தில் எரிந்தால் இலையைக் காப்பாற்றும், பூவுக்கு அதை நம்பாதீர்கள்.

எல்லாம் காய்ந்துவிட்டது, உயிர் இருக்கிறதா?

கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கி நகத்தால் தோலைக் கீறிக்கொண்டே வாருங்கள். பழுப்பு, பழுப்பு, பழுப்பு, சட்டென்று ஓரிடத்தில் பச்சை தெரியும். அதற்கு ஒரு விரற்கடை மேலே வெட்டி, வெளிச்சமான நிழலில் வைத்து, ஈர்க்குச்சி காய்ந்து வந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். தரை வரை பழுப்பாக இருந்தாலும் ஒரு மாதம் தொட்டியைத் தூக்கி எறியாதீர்கள், அடியிலிருந்து துளிர் விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பச்சை மிச்சமிருக்கும்போதே பென்சில் தடிமனில் ஒரு சாண் குச்சி வெட்டி, இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் செருகி வையுங்கள். ஆவணி, புரட்டாசியில் நன்றாக வேர் பிடிக்கும். இரண்டு மூன்று குச்சி வைத்தால் ஒன்று நமக்கு, இன்னொன்று தெரிந்தவர் வீட்டுக்கு. மஞ்சக்குப்பத்துக் கிணற்றடி இப்போது சிமெண்ட் போட்டுவிட்டார்கள், அந்த மரம் இல்லை. என் ஜன்னலில் இருந்து போன குச்சி ஒன்று முத்தியால்பேட்டையில் அக்கா வீட்டு முற்றத்தில் நன்றாக வந்திருக்கிறது. என் செடிக்கு ஏதாவது ஆனால் அங்கே போய் வெட்டிக்கொள்வேன்.